ஜகதீச சந்திர போஸ்

விருதுநகரிலிருந்து சாத்தூருக்கும் சிவகாசிக்கும் செல்லும் வழியின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது கரிசற்காடு. மழை சுருங்கிய நிலம் அது. காற்றில் ஈரம் குறைந்த அவ்வட்டாரத்தின் வறட்சியே தீப்பெட்டித் தொழிலும் வாண வெடித் தொழிலும் அங்கு வேரூன்றுவதற்குத் துணையாயிற்று. வெடிமருந்துக்கு உகந்த வறட்சி, பயிருக்கு உகந்ததன்று. மாசி பங்குனி மாதங்களில் உச்சிப்பொழுதில் அங்குள்ள பருத்திக் காட்டைப் பார்ப்பவர், இலைகளெல்லாம் துவண்டு தொங்குவதைக் காண்பர். மண்ணில் சிறிதளவேனும் ஈரம் எஞ்சியிருக்குமாயின், மாலையில் அவ்விலைகள் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். ஈரம் அற்றுப் போனாலோ, நாளடைவில் பூவும் பிஞ்சும் உதிரும்.

உழவர் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றனர். ஆயினும், துவளும் செடியினுள்ளே நிகழ்வது என்ன, தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் இலைகளை மடக்கிக்கொள்வது எவ்வாறு, அடியில் பட்ட ஊறு நுனிக்குத் தெரிவது எங்ஙனம் என்னும் வினாக்களைக் கருவிகொண்டு ஆராய முற்பட்டவர் மிகச் சிலரே. இந்திய நாட்டில் அப்பணிக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வங்க நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பகுதி இப்பொழுது வங்காள தேசத்தில் இருக்கின்றது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் உயர் பதவியிலிருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை ஊரிலிருந்த தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மீனவர் வீட்டுச் சிறுவனும், தந்தையாரின் பணியாளராக இருந்த இஸ்லாமியர் ஒருவரின் மகனும் ஜகதீசருக்கு அருகில் அமர்ந்து பயின்றனர். ஆற்றில் வாழும் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அத்தோழர்கள் கூறிய செய்திகள் அச்சிறுவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பிற்காலத்தில் தமக்கு இயற்கையின்பால் ஏற்பட்ட பற்றுக்கு அப்பள்ளியே விதையிட்டது என்று அவர் கருதினார்.

அவரைப் பள்ளிக்குத் தோளில் சுமந்து சென்றவரின் வரலாறும் சுவையானது. அவர் முன்னாளில் கொள்ளைக்காரராக இருந்தவர். பகவான் சந்திரராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டவர். தண்டனை முடிந்து வெளிவந்ததும் பிழைக்க வழியின்றி, தமக்குத் தண்டனை விதித்தவரிடமே வந்து வேலை கேட்டார். பகவான் சந்திரர் தயங்காமல் தம் மகனைக் காக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அம்மனிதர் தாம் ஈடுபட்ட சண்டைகளையும் பட்ட காயங்களையும் வழியெல்லாம் கதையாகச் சொல்லிச் செல்வார். ஒருமுறை குடும்பத்தார் படகில் சென்றபோது ஆற்றுக் கொள்ளைக்காரர் துரத்தி வந்தனராம். இவர் எழுந்து நின்று தமக்கே உரிய குரலில் ஓர் ஒலி எழுப்ப, அவர்கள் விலகிச் சென்றனர் என்பர்.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் போஸ் பயின்றார். விடுதி முற்றத்தில் சிறு தோட்டம் அமைத்ததும், கைச்செலவுக்குக் கிடைத்த பணத்தில் சிற்றுயிர்களை வாங்கி வளர்த்ததும் அவருடைய மாணவ நாட்களின் பொழுதுபோக்கு. கல்லூரியில் லாபோன் என்னும் பாதிரியார் பௌதிகம் கற்பித்தார். சோதனைகளைச் செய்துகாட்டிப் பாடம் நடத்துவதில் அவர் வல்லவர். பௌதிகத்தின்பால் போஸுக்குப் பற்று உண்டானது அவராலேயே ஆகும்.

1880-ஆம் ஆண்டில் மருத்துவம் பயிலும் நோக்கத்தோடு போஸ் இலண்டன் சென்றார். ஆனால் தாயகத்திலேயே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிணவறையின் நெடி நோயை மிகுவித்தது. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு ரேலி பிரபு பௌதிகமும், பிரான்சிஸ் டார்வினும் சிட்னி வைன்சும் தாவர நூலும் கற்பித்தனர். ஒரே மாணவர் இவ்விரு துறைகளிலும் நல்லாசிரியரை அடைந்தது பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது. அந்நாளில் பௌதிக அறிஞர் செடியைத் திரும்பியும் பாரார். தாவர நூலார் மின்கருவியைத் தொட அஞ்சுவர். போஸுக்கு இரண்டும் பழகியவை.

1885-ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தப் பெற்றார். அங்கே அவருக்கு ஓர் இழிவு காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பதவி என்ற காரணத்தால் போஸுக்கு அதிலும் பாதி குறைக்கப்பட்டது. ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஊதியம். போஸ் பதவியை உதறிச் செல்லவில்லை; வாக்குவாதத்திலும் இறங்கவில்லை. நாள்தோறும் வகுப்புக்குச் சென்றார். குறைவின்றிப் பாடம் நடத்தினார். மாத முடிவில் வந்த ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன.

இதில் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. தந்தையார் மக்களுக்குக் கைத்தொழில் பயிற்றவும், தேயிலைத் தோட்டமும் நெசவுத் தொழிலும் தொடங்கவும் முயன்று பெருங்கடனில் ஆழ்ந்திருந்தார். குடும்பச் சொத்தை விற்றும் கடன் தீரவில்லை. அத்தகைய நிலையில் இருந்த ஒருவர் மூன்றாண்டு ஊதியத்தை மறுத்தார் என்றால், அம்மறுப்பின் விலை எத்துணை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முடிவில் கல்லூரி முதல்வரும் கல்வித் துறைத் தலைவரும் அவர் கொள்கை நேரியது எனக் கண்டனர். பதவி நிலையாக்கப்பட்டது, மூன்றாண்டின் முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. அத்தொகை முழுவதும் தந்தையாரின் கடனுக்கே சென்றது. எஞ்சிய கடனையும் போஸ் பின்வந்த ஆண்டுகளில் அடைத்தார்.

இத்துன்ப நாட்களில், 1887-ஆம் ஆண்டில், அவர் அபலா தாஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாருக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், வங்க அரசின் உதவித்தொகை பெற்று, 1882-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலம் குன்றியதால் படிப்பைத் தொடர இயலவில்லை. பிற்காலத்தில் பெண் கல்விக்கும் கைம்பெண்களின் நலத்துக்கும் அவர் ஆற்றிய தொண்டு தனியே எழுதத் தக்கது.

1894-ஆம் ஆண்டளவில் போஸ் ஆராய்ச்சியில் இறங்கினார். கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் என்று ஒன்று இல்லை. சிறு அறையொன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டு, தகரவேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளர் ஒருவரைப் பழக்கி, கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் கண்டறிந்திருந்தார். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. போஸ் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளைத் தோற்றுவித்தார். 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பித் தொடர்பு ஏதுமின்றி, சுவரையும் ஊடுருவிச் சென்ற அவ்வலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அவையோர் வியந்தனர்.

இக்கண்டுபிடிப்பைக் காப்புரிமை செய்து விற்றிருந்தால் போஸ் பெருஞ்செல்வராகியிருப்பார். கம்பியில்லாத் தந்தி நிறுவனத்தார் ஒருவர் அவரை நாடி வந்ததும் உண்டு. அறிவைப் பணமாக்குதலில் அவருக்கு விருப்பம் இல்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை மட்டும் அவர் பெயரில் பதிவாயிற்று. அதிலிருந்து அவர் ஊதியம் ஏதும் தேடவில்லை.

இவ்வலை ஆராய்ச்சியே அவரைச் செடியினிடத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அது நிகழ்ந்த விதம் வியப்பானது. அலைகளை உணரும் கருவியில் உலோகத் துகள்கள் இருந்தன. இடையறாது வேலை வாங்கினால் அத்துகள்களின் உணரும் திறன் குறைந்தது. சற்று ஓய்வு கொடுத்தால் திறன் மீண்டது. உழைத்துக் களைத்த தசையும் இவ்வாறே நடந்துகொள்கின்றது. உயிரற்ற உலோகத்துக்கும் உயிருள்ள தசைக்கும் இத்தகைய ஒற்றுமை உண்டென்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட செடி எவ்வாறு நடந்துகொள்ளும் என்னும் ஐயம் போஸின் உள்ளத்தில் எழுந்தது. மரத்தின் இலைகளையும் கிழங்குகளையும் மின்னோட்டத்தை அளக்கும் கருவியோடு இணைத்துத் தட்டியும் முறுக்கியும் பார்த்தார். அசையாத செடியென்று எண்ணப்பட்ட ஒவ்வொன்றிலும், தட்டுந்தோறும் மின்துடிப்பு எழுந்தது. மயக்க மருந்து கொடுத்தால் துடிப்பு அடங்கியது. நஞ்சு ஊட்டினால் அற்றொழிந்தது.

1901-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டனில் அரச ஆய்வு நிறுவனத்தில் இச்சோதனைகளைச் செய்துகாட்டினார். மறு மாதம் அரச கழகத்தில் கட்டுரை படித்தபோது எதிர்ப்பு எழுந்தது. உடல்நூலில் பெருந்தலைவராக விளங்கிய பர்டன் சாண்டர்சன், சாதாரணச் செடிகளில் மின்துடிப்பு எழுதல் இயலாது என்றார். உயிரினத்துக்கே உரிய மறுமொழி என்னும் சொல்லைக் கட்டுரைத் தலைப்பிலிருந்து நீக்கவேண்டும் என்றும் கூறினார். தாம் கண்ணாரக் கண்டதை ஒருவருடைய புகழுக்கு அஞ்சி மாற்றி எழுதப் போஸ் இசையவில்லை. கட்டுரை அச்சேறாமல் கழகத்தின் பெட்டகத்தில் உறங்கிற்று. விடுமுறையை நீட்டித்துக்கொண்டு இங்கிலாந்திலேயே தங்கி மேலும் சோதனைகள் செய்தார். பழைய ஆசிரியர் வைன்சு துணை நின்றார். 1902-ஆம் ஆண்டில் லின்னேயக் கழகம் அவருடைய ஆராய்ச்சியை ஏற்று வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அவருடைய முதல் நூலும் வெளிவந்தது. கவி இரவீந்திரநாத் தாகூரும் நிவேதிதா அம்மையாரும் அக்காலத்தில் அவருக்கு ஊன்றுகோலாக இருந்தனர்.

போஸ் மிகுதியாக ஆராய்ந்த செடிகள் இரண்டு. தமிழகத்தில் தொழுகண்ணி என்று வழங்குவது ஒன்று. அதன் சிற்றிலைகள் தூண்டுவாரின்றியே ஏறி இறங்கும். மற்றொன்று தொட்டாற்சுருங்கி. இதன் செயலை விளங்கிக்கொள்வதற்குச் செடியின் உடலமைப்பை முதலில் அறிதல் நன்று.

மரக்கட்டை ஏறாத இளஞ்செடிக்கு எலும்பு இல்லை. எனினும் அது நிமிர்ந்து நிற்கின்றது. அதனை நிறுத்துவது நீர். செடியின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. ஒவ்வோர் உயிரணுவும் வலிய சுவரால் சூழப்பட்ட நுண்ணிய பை போன்றது. உள்ளே புகுந்த நீர் அச்சுவரை வெளிப்புறமாக அழுத்துகின்றது. காரின் உருளையில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலுமாக இவ்வழுத்தம் இருப்பதுண்டு. வாண வெடியினுள் எழும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் அதன் தாள்கூடு கிழிகின்றது. உயிரணுவின் சுவரோ கிழியாமல் எதிர்த்து நிற்கின்றது. அவ்வாறு எதிர்த்து நிற்பதால் உண்டாகும் விறைப்பே இலையை விரித்துத் தண்டை நிமிர்த்துகின்றது. நீர் குறைந்தால் விறைப்புக் குறையும், இலை துவளும்.

தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதுவே அச்செடியின் தசை எனலாம். ஊறு பட்டதும் புடைப்பின் கீழ்ப்பாதியிலுள்ள உயிரணுக்களிலிருந்து உப்புப் பொருள்கள் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றது. கீழிருந்து தாங்கிய விறைப்பு அற்றுப்போகவே காம்பு சரிகின்றது. கால் மணி நேர அளவில் நீர் மீண்டும் உட்புகுந்து காம்பை உயர்த்தும்.

இதுவரையில் அறிஞரிடையே பெரும் பூசல் இல்லை. நுனியில் பட்ட ஊறு, விரல் நீளம் தள்ளியிருக்கும் புடைப்புக்கு எவ்வாறு எட்டுகின்றது என்பதிலேதான் பூசல். அறிஞர் பெப்பரும் ஹேபர்லாண்டும், குழாயில் ஓரிடத்தில் அழுத்தினால் நீரின் அழுத்தம் மறுமுனைக்குப் பரவுவது போன்றதே இது என்றனர். அவ்வாறாயின் அது வெறும் பொறிமுறை நிகழ்ச்சியாகும். போஸ் ஓர் எளிய சோதனையால் இதனை ஆராய்ந்தார். காம்பின் நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் குளிர்வித்தார். செய்தி தாமதித்தது, மிகக் குளிர்ந்தபோது நின்றே போயிற்று. நஞ்சு தடவினார், அப்பொழுதும் செய்தி கடக்கவில்லை. நீரின் அழுத்தம் மட்டுமே செய்தியைச் சுமப்பதாயின், நஞ்சு அதனைத் தடுக்க இயலாது. ஆதலின் உயிருள்ள திசுவின் வழியாக, விலங்கின் நரம்பில் ஓடுவது போன்ற மின்துடிப்பு ஓடுகின்றது என்று போஸ் முடிவு கட்டினார்.

இச்சோதனைகளுக்கு அவர் அமைத்த கருவிகளைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. செடியின் அசைவு வலுவற்றது. புகைபடிந்த கண்ணாடியின்மேல் எழுதுகோலை இழுத்துச் செல்லும் உராய்வுக்கே அது ஈடுகொடாது. போஸ் அதிர்ந்துகொண்டே இருக்கும் எழுதுகோலை அமைத்தார். அது கண்ணாடியை இடைவிட்டு இடைவிட்டுத் தொட்டு, புள்ளிகளால் கோடு வரைந்தது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் முன்னரே தெரியும் ஆதலால், உருவம், காலம் ஆகிய இரண்டும் ஒரே கோட்டில் பதிந்தன. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அதனால் அளக்க முடிந்தது. பின்னர்ச் செய்த கிரெஸ்கோகிராப் என்னும் கருவி, செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. நத்தையினும் மெல்ல வளரும் தளிர், அதன் திரையில் கண்முன்னே ஓடிற்று. இவை யாவும் இந்தியத் தொழிலாளரின் கைவேலை.

பரீத்பூரில் ஈச்சமரம் ஒன்று மாலைதோறும் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் தலையை நிலம்வரை தாழ்த்தி, காலையில் நிமிர்ந்து நின்றது. பக்தியால் வணங்குகின்றது என்று மக்கள் திரண்டனர். போஸ் அம்மரத்தில் தம் கருவியைப் பொருத்தி இரவும் பகலும் அதன் அசைவைப் பதிவு செய்தார். நாள்தோறும் வெப்பம் ஏறி இறங்குவதை அடியொற்றியே மரம் அசைகின்றது என்பது தெளிவாயிற்று. நம்பியவரை அவர் எள்ளவில்லை. கோட்டை மட்டும் வரைந்து காட்டினார்.

1915-ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ஆம் ஆண்டில், தம் பிறந்தநாளாகிய நவம்பர் 30 அன்று, வாழ்நாளில் சேர்த்த பொருளையும் நண்பர் உதவியையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் பயிலச் சென்றதும் அதே கல்கத்தாவுக்குத்தான். வறண்ட மண்ணில் பயிரை மட்டுமே நம்பிப் பயனில்லை என்று கண்டவர் அவர்கள். அந்நகரின் மற்றொரு மூலையில் பயிரின் துன்பத்தை அளந்துகொண்டிருந்தார் போஸ்.

1920-ஆம் ஆண்டில் கிரெஸ்கோகிராப் கருவியின் மெய்ம்மையைக் குறித்து இலண்டனில் மீண்டும் ஐயம் கிளப்பப்பட்டது. போஸ் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிஞர் குழுவின் முன்னிலையில் கருவியை இயக்கிக் காட்டினார். ரேலி, பெய்லிஸ் முதலியோர் கருவி சரியானதே என்று செய்தித்தாளில் எழுதினர். அவ்வாண்டிலேயே அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. கணித மேதை இராமானுஜன் அப்பெருமை பெற்று இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கட்டுரையைப் பெட்டகத்தில் இட்டது இதே கழகம்.

போஸ் கூறியவை அனைத்தும் நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறுவது உயிரணுக்களின் இதயம் போன்ற துடிப்பினால் என்று அவர் வாதித்தார். இலையிலிருந்து நீராவி வெளியேறுவதால் நீர்த்தம்பம் மேலே இழுக்கப்படுகின்றது என்னும் டிக்சன், ஜாலி ஆகியோரின் கொள்கையே இன்று ஏற்கப்படுகின்றது. தொட்டாற்சுருங்கியின் செய்தேற்றத்திலும் மின்துடிப்பே எல்லாம் என்பது முழு உண்மையன்று. 1916-ஆம் ஆண்டில் ரிக்கா என்னும் இத்தாலிய அறிஞர் தண்டை வெட்டி, வெட்டிய இரு பகுதிகளையும் நீர் நிறைந்த குழாயால் இணைத்தார். உயிருள்ள இணைப்பு இல்லாதபோதும் செய்தி கடந்தது. நீரோடு செல்லும் வேதிப் பொருளும் தூதாகின்றது என்பது அதனால் விளங்கிற்று.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் போஸ் மறைந்தார். எண்பதாம் ஆண்டு தொடங்க ஒரு வாரமே இருந்தது.

அவர் காலத்துக்குப் பின் செடியின் வேதித் தூதுவர்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டனர். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆடிகாட் முதலியோர் பருத்திப் பிஞ்சு உதிர்வதை ஆராய்ந்தபோது, பிஞ்சுகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அப்சிசிக் அமிலம் என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. செடி துன்புறும்போது சுரக்கும் ஹார்மோன் அதுவே. 1969-ஆம் ஆண்டில், வாடவிட்ட கோதுமை இலையில் இப்பொருள் பன்மடங்கு பெருகுவது கண்டறியப்பட்டது. இது பெருகினால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீராவி வெளியேறுவது குறைகின்றது. உச்சி வெயிலில் கரிசற்காட்டுப் பருத்தி தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்றாம்.

அப்படியாயின், நீர் குறைந்தது என்பதை உயிரணு எதனால் அறிகின்றது? 1980-ஆம் ஆண்டில் பியர்ஸ், ராஷ்கே ஆகிய இருவர், வெட்டிய இலைகளை வாடவிட்டு அளந்து, விறைப்பழுத்தம் அற்றுப்போகும் நிலையை ஒட்டியே அமிலம் திரளத் தொடங்குகின்றது என்று காட்டினர். பொறிமுறை அழுத்தத்தின் வீழ்ச்சி வேதிப்பொருளின் ஆக்கமாக மாறுகின்றது என்பது அதனால் புலப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனை மேலும் துருவியது. அவ்வாய்வாளர், அழுத்தம் குறைவதைக் காட்டிலும் உயிரணுவின் பருமன் சுருங்குவதே அமில ஆக்கத்தைத் தூண்டுகின்றது என்று கண்டனர்.

புழு கடித்த இலையின் வரலாறு போஸுக்கு இன்னும் நெருக்கமானது. 2013-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர், ஓர் இலையில் காயம் பட்டதும் மின்துடிப்பு மற்ற இலைகளுக்கு ஓடுவதையும், அது சென்று சேர்ந்த இலைகளில் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் மற்றொரு காப்பு ஹார்மோன் உருவாவதையும் அளந்து காட்டினர். அத்துடிப்பைக் கடத்தும் மரபணுக்கள் சிலவற்றையும் அடையாளம் கண்டனர். தன் சுவரின் இழுவிசையையோ பருமனின் சுருக்கத்தையோ உயிரணு எந்த உறுப்பால் உணர்கின்றது என்பது பல நாடுகளின் ஆய்வுக் கூடங்களில் இன்றும் தேடப்பட்டு வருகின்றது. கொல்கத்தாவில் போஸ் நிறுவிய நிலையத்தில் தாவர ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறுகின்றது. அங்குள்ள காட்சிக்கூடத்தில் அவர் கையாண்ட கருவிகள் வைக்கப்பட்டிருக்கின்றன.